ஞாயிறு மாலை எங்கே நிறுத்துவது

கிட்டார் தொழிற்சாலையில் வேலை செய்பவர் இன்று மாலை விட்ட இடத்தை நாளை காலை தொடுகிறார். வீட்டில் செய்யும் நமக்கு அந்த வசதி இல்லை. ஞாயிறு மாலை பட்டறைக் கதவைச் சாத்தினால், மறுபடி திறப்பது சனிக்கிழமை காலையில்தான். நடுவில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் மரம் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் ஊறி அகலும், இறங்கினால் சுருங்கும். பசை இறுகும். வளைத்த பலகை பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் வார இறுதி வேலையைத் திட்டமிடும்போது, ‘இந்த இரண்டு நாளில் எவ்வளவு முடிக்கலாம்’ என்று தொடங்காதீர்கள். ‘ஞாயிறு மாலை மரத்தை எந்த நிலையில் விட்டுப் போகலாம்’ என்று கேட்டு, அங்கிருந்து பின்னோக்கிச் சனிக்கிழமை காலைக்கு வாருங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நாம் எடுத்துக்கொள்ளும் கிட்டார் ஓஎம் வகை. பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞர் கேட்டுக்கொண்டதற்காக, உடலுக்கு வெளியே 14 ஃபிரெட் வரும்படி நெக்கை அமைத்து 1929-இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் செய்த வடிவம் இது. உடலின் கீழ்ப்பகுதி 15 அங்குல அகலம், அதாவது 381 மி.மீ. கம்பியின் கணக்கு நீளம் 645 மி.மீ. மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கப்பலகைகளும் ஈட்டி, நெக் மஹோகனி. இதன் இடுப்பு வளைவு, ட்ரெட்நாட் என்ற பெரிய உடல் கிட்டாரைவிடக் குறுகலானது. வளைக்கச் சற்றுக் கடினம். ஆனாலும் மடியில் நன்றாக அடங்குகிறது, விரலால் மீட்டும்போது ஆறு கம்பிகளும் சமமாகப் பேசுகின்றன. முதல் கிட்டாருக்கே இதைத் துணிந்து எடுக்கலாம் என்பது என் கருத்து.

முதலில் காற்று

மழைக்காலத்தில் கதவு நிலையில் பிடித்துக்கொள்வதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. கிட்டாரின் மேல்பலகைக்கு நேர்வதும் அதுதான். வேறுபாடு என்னவென்றால், கதவு பிடித்தால் இழைத்துவிடலாம். மேல்பலகை பிளந்தால் கிட்டாரே பிளந்த மாதிரி.

கணக்கைப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காடாக இருக்கும்போது மரத்துக்குள் தங்கும் ஈரம் ஏறத்தாழ 8 முதல் 9 விழுக்காடு. காற்று 75-ஐத் தொட்டால் மரத்தின் ஈரம் 14 விழுக்காட்டை நெருங்கும். இந்த வித்தியாசத்துக்கே 381 மி.மீ. அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை 2 முதல் 3 மி.மீ. வரை அகலும். நார் ஓடும் நீளவாட்டில் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்றே சொல்லலாம். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. மேல்பலகையின் அடியில் ஒட்டும் பிரேஸ் என்ற தாங்கு சட்டங்களின் நார், பலகையின் நாருக்குக் குறுக்காக ஓடுகிறது. பலகை அகல வேண்டும் என்கிறது, பிரேஸ் விடமாட்டேன் என்கிறது.

ஈரமான நாளில் பிரேஸை ஒட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்தக் கிட்டார் ஏசி அறைக்குப் போகிறது, அல்லது கோடையில் டெல்லிக்குப் போகிறது. பலகை சுருங்கப் பார்க்கும், பிரேஸ் தடுக்கும், பலகை நார்வழியே வாய் பிளக்கும். உலர்ந்த நாளில் ஒட்டினால் பின்னாளில் ஈரம் ஏறும்போது மேல்பலகை சற்றே மேலே புடைக்கும், கம்பி கொஞ்சம் உயரும். அவ்வளவுதான். புடைப்பு தானாக இறங்கும், பிளவு தானாகச் சேராது. உலர்ந்த காற்றில் ஒட்டு என்று கிட்டார் செய்பவர்கள் எல்லோரும் சொல்வது இதனால்தான். இலக்கு 45 விழுக்காடு. 40-க்கும் 50-க்கும் நடுவில் எங்கிருந்தாலும் சரி.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும் எண். கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்று இதைவிட மிக ஈரமாகவே இருக்கும். வழி இருக்கிறது. காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பத விழுக்காடு குறையும். 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 39 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 45 விழுக்காட்டுக்கு வந்துவிடும். பழைய பீரோ ஒன்றில், அடியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கம்பிக் கூண்டுக்குள் பொருத்துங்கள். எல்இடி பல்பு சூடாகாது, உதவாது. 40 டிகிரியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஐந்து நாள் எரியவிட்டுப் போவது வீட்டுக்கே ஆபத்து. மரம் பல்பிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். வாரநாள்களில் பலகைகள், பிரேஸ் கட்டைகள் எல்லாம் அந்தப் பீரோவுக்குள் இருக்க வேண்டும். ஒட்டும் நாளில் மட்டும் அறையின் ஏசியைப் போட்டு, பீரோவிலிருந்து எடுத்த சூட்டோடு ஒட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வையுங்கள்.

கடையில் வாங்கும் ஈரப்பத மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு நீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க வைத்திருங்கள். உப்பு முழுதும் கரையாமல் ஈரமாக நிற்கும்வரை டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 விழுக்காடாகவே இருக்கும். காலையில் மீட்டர் 81 காட்டினால், அது எப்போதும் 6 கூடுதலாகக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டுங்கள். மீட்டர் விலை சில நூறு ரூபாய். இந்த நூலில் சொல்லும் கருவிகளில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மேல்பலகை

சிட்கா ஸ்ப்ரூஸ் அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் வளர்வது. இறக்குமதியாகி, புத்தகம்போல் விரியும் இரண்டு பலகைகளாக, 4 மி.மீ. கனத்தில் கிடைக்கும். முதல் வேலை இரண்டையும் நடுவில் சேர்ப்பது. இரண்டு பலகைகளின் விளிம்பையும் ஒன்றாகப் பிடித்து, தீட்டிய நீள இழைப்புளியால் இழையுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சேர்த்துப் பிடியுங்கள். வெளிச்சக் கீற்று ஒன்றுகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் பசையோ கிளாம்ப்போ அதை மூடாது. மறுபடி இழையுங்கள். உப்புத்தாள் ஒட்டிய மட்டப்பலகையில் தேய்ப்பதைவிட இழைப்புளிதான் நல்லது. அறுபட்ட நார் தெளிவாக இருக்கும், பசை நன்றாகப் பிடிக்கும்.

பசைக்கு டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் நிற மரப்பசையைச் சொல்வேன். மேசை நாற்காலிக்குப் போடும் வெள்ளைப் பசை வலுவானதுதான். ஆனால் சூட்டில் இடைவிடாத இழுப்புக்கு மெல்ல மெல்ல நழுவிக் கொடுக்கும். கிட்டாரில் கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும், நம் ஊரில் சூடும் குறையாது. இரண்டும் சேர்ந்தால் வெள்ளைப் பசை தாங்காது.

சேர்த்த பலகையைக் கிளாம்ப்போடு விட்டுப் போவது ஞாயிறு மாலைக்கு ஏற்ற இடம். அதற்கடுத்த வாரம் ஒலித்துளையைச் சுற்றி வரும் ரோசெட் அலங்காரத்தைப் பதியுங்கள். பள்ளத்தின் ஆழம் 1.5 மி.மீ.; பள்ளம், பதிப்பு, பசை, சமன்படுத்தல் எல்லாம் முடிந்த பிறகே 100 மி.மீ. விட்டமுள்ள துளையை வெட்ட வேண்டும். துளையை முதலில் வெட்டினால் ரவுட்டரை நிறுத்த நடுப்புள்ளியே இருக்காது.

இனிக் கனம் குறைப்பது. பலரும் ஞாயிறு பிற்பகலில் உற்சாகமாகப் பலகையை 2.8 மி.மீ. வரை இழைத்துவிட்டு மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்துப் போய்விடுகிறார்கள். மேல்புறம் காற்றைக் குடிக்கும், அடிப்புறம் மேசையோடு மூச்சடைத்துக் கிடக்கும். சனிக்கிழமை வந்து பார்த்தால் பலகை தட்டுபோல் வளைந்திருக்கும். ஆகையால் ஞாயிறு மாலை 3.5 மி.மீ.யில் நிறுத்துங்கள். இறுதிக் கனத்துக்கு இழைப்பதும் பிரேஸ் ஒட்டுவதும் ஒரே வார இறுதிக்குள் நடக்கட்டும். இடைப்பட்ட நாள்களில் பலகையை இரு பக்கமும் காற்றுப் படும்படி பீரோவுக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள்.

எவ்வளவு மெல்லியதாக்கலாம்? ஓஎம்முக்கு 2.8 முதல் 3 மி.மீ. என்பது தொடக்க எண். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரே மரத்திலிருந்து வந்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருப்பதில்லை. பலகையை இரண்டு முனையிலும் பிடித்து நாருக்குக் குறுக்காக மெல்ல வளைத்துப் பாருங்கள். பிறகு மேல் ஓரத்தில் இரு விரலால் தொங்கவிட்டு நடுவில் தட்டிக் கேளுங்கள். அட்டைபோல் மொத்தென்று ஒலித்தால் இன்னும் கனம். தட்டியபின் ஒலி சற்று நீண்டு நின்றால் போதும். விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கில் மாறுகிறது. 3 மி.மீ.யிலிருந்து 2.7-க்கு வந்தால் கனம் பத்தில் ஒரு பங்குதான் போகிறது, விறைப்போ நாலில் ஒரு பங்குக்குமேல் போய்விடுகிறது. கடைசி 0.3 மி.மீ.யை அதனால்தான் இழைப்புளியால் எடுக்காமல் ஸ்க்ரேப்பரால் சுரண்டி, அடிக்கடி தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும்.

இதே கணக்குதான் பிரேஸையும் ஆள்கிறது. எக்ஸ் வடிவில் குறுக்கிடும் இரண்டு முதன்மைப் பிரேஸ்களும் 1840களில் மார்ட்டின் கிட்டார்களில் வரத்தொடங்கி, பின்னாளில் எஃகுக் கம்பிக் கிட்டார்களின் பொது வழக்கமாகிவிட்டவை. அகலம் 8 மி.மீ., உயரம் 15 மி.மீ. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். உயரத்தை 15-லிருந்து 12-க்குக் குறைத்தாலே விறைப்பு பாதிதான். செதுக்கும்போது உளி எந்தப் பக்கம் போகிறது என்பதை இந்தக் கணக்கை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். ஒல்லியாக, உயரமாக இருக்கும் பிரேஸ் எடை குறைந்து விறைப்புக் கூடியது.

பிரேஸ் கட்டையை ரம்பத்தால் அறுப்பதைவிட உளியை வைத்துத் தட்டிப் பிளப்பதே சிறப்பு. பிளவு நார்வழியே போகும், அந்த வழியையே பிரேஸின் நேர்க்கோடாக எடுத்துக்கொள்ளலாம். அறுத்த கட்டையில் நார் ஓரத்தில் வெளியே ஓடிவிட்டால், செதுக்கும்போது உளி அங்கே சிலாம்பு கிளப்பும். ஒட்டும்போது மேல்பலகையை 28 அடி ஆரமுள்ள குழிவுத் தட்டில் வைத்து, மேலிருந்து வளைந்த குச்சிகளால் பிரேஸை அழுத்துவார்கள். கோ-பார் என்று சொல்லும் அந்தக் குச்சிகளுக்கு வெளிநாட்டில் ஃபைபர் கம்பி வாங்குகிறார்கள். நமக்கு மூங்கில் சிம்பே போதும். அரை அங்குல அகலத்தில் சீவி, ஒரே நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ப்ளைவுட் தட்டுகளை நான்கு த்ரெட் ராடுகளில் ஏற்றினால் சட்டகம் தயார்.

சனிக்கிழமை காலை எக்ஸ் பிரேஸ்களையும் பிரிட்ஜ் அடியில் வரும் மேப்பிள் தகட்டையும் ஒட்டுங்கள். மாலையில் மற்ற சிறு பிரேஸ்கள். பசை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும், ஆனால் முழு வலுவுக்கு ஒரு நாள் வேண்டும். ஞாயிறு காலை செதுக்கலாம். அல்லது செதுக்காமலே விடலாம். பிரேஸ் ஒட்டி, செதுக்காமல் பீரோவில் வைத்த மேல்பலகையைப்போல் நிம்மதியாகக் காத்திருக்கும் பொருள் இந்தக் கிட்டாரில் வேறில்லை. களைத்த கையோடு ஞாயிறு மாலை செதுக்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது. செதுக்கும்போது நீங்கள் நினைப்பதைவிடச் சற்று அதிக மரத்தையே விட்டுவையுங்கள். கிட்டார் முழுதும் முடிந்து கம்பி ஏறிய பிறகும் ஒலித்துளை வழியே கைவிட்டுச் சிறிய இழைப்புளியால் பிரேஸைக் குறைக்கலாம்; கூட்டுவதற்கு வழியில்லை.

வளைக்கும் வாரம்

ஈட்டியைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். கிட்டார் உலகில் இந்தியன் ரோஸ்வுட். பிரேசில் ரோஸ்வுட் அரிதானபோது, 1960களின் இறுதியில் மார்ட்டின் போன்ற நிறுவனங்கள் இதற்கு மாறின. கூடலூர்ப் பக்கக் காடுகளில் வளரும் இந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்; பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட அனுமதியில்லாமல் வெட்ட அது தடை விதித்தது. ஆகவே மரக்கடையில் வாங்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள், அதைக் கிட்டார் இருக்கும்வரை பத்திரப்படுத்துங்கள். 2017 முதல் ரோஸ்வுட் இனம் முழுதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019-இன் இறுதியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குத் தந்தார்கள், அறுத்த பலகைக்குத் தரவில்லை.

ஈட்டி கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டியதில்லை. இன்றைய ஸ்பானிஷ் கிட்டாருக்கு வடிவம் தந்த அந்தோனியோ தே தோரஸ் 1862-இல் பின்னும் பக்கமும் காகிதக்கூழ் அட்டையால் ஒரு கிட்டார் செய்தார். குரலைத் தருவது மேல்பலகை என்று காட்டவே அதைச் செய்தார். பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

பக்கப்பலகையை 2 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அதைவிடக் கனமாக இருந்தால் இடுப்பில் முறியலாம். வளைக்கச் சூடான இரும்புக் குழாய் போதும். ஒரு சொட்டு நீர் பட்டால் உடனே துள்ளி ஓட வேண்டும், 150 டிகிரிக்குமேல். பலகையின்மேல் நீரைத் தெளித்து, குழாயில் அழுத்தாமல் வைத்து, சூடு ஏறி மரம் தானாக இளகும்வரை பொறுங்கள். கையில் அந்த இளக்கம் தெரியும். தெரிந்த பிறகே வளைக்க வேண்டும். அதற்கு முன் தள்ளினால் முறியும், தாமதித்தால் கருகும். இடுப்பிலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் வளைவு இறுக்கம். நீளமாக ஊறவைக்க வேண்டாம். ஈட்டி ஊறினால் சாயம் இறங்கும், காயும்போது அலை அலையாக நெளியும்.

வளைக்கும் வேலையைச் சனிக்கிழமை காலையில்தான் தொடங்க வேண்டும். ஒரு பலகையை வளைத்து மற்றதை அடுத்த வாரத்துக்கு விட்டால் இரண்டும் ஒன்றுபோல் வராது. இன்னொன்று, வளைத்த பலகையை அச்சுக்கு வெளியே விட்டுப் போகவே கூடாது. சனிக்கிழமை வளைத்து, அச்சுக்குள் வைத்து, இடுப்பில் உள்ளிருந்து திருகு முட்டுக் கொடுத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஞாயிறு அச்சுக்குள் இருக்கும்போதே தலைப்பக்கக் கட்டையையும் வால்பக்கக் கட்டையையும் ஒட்டிவிடுங்கள். அந்த இரண்டு கட்டைகளும் ஒட்டியபின் பக்கச் சட்டகம் எத்தனை வாரம் வேண்டுமானாலும் அச்சுக்குள் காத்திருக்கும். உள் விளிம்பில் ஓடும் வெட்டுப்பட்டையை ஒட்ட வேறு கிளாம்ப் தேட வேண்டாம், துணி காயப்போடும் கிளிப்புகளில் ஐந்தாறு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈட்டியை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சில் ஒவ்வாமையையும் உண்டாக்கும். முதலில் ஒன்றும் செய்யாமல், பழகப் பழக உடல் வெறுக்கத் தொடங்குவதும் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பட்டறை உடையோடு கூடத்துக்குப் போகாதீர்கள்.

பெட்டியை மூடுதல்

மேலும் பின்னும் ஒட்டிப் பெட்டியை மூடும் வார இறுதிக்கு மீட்டர்தான் தேதி குறிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறை எப்படியும் 45-க்கு இறங்கவில்லை என்றால் தள்ளிப்போடுங்கள். மேல்பலகை ஒட்டி, பின்பக்கம் திறந்த நிலையில் ஒரு வாரம் விடுவதும் நல்லதல்ல. சட்டகத்தின் ஒரு விளிம்பு இறுக்கப்பட்டும் மறு விளிம்பு விடுபட்டும் இருந்தால் பக்கங்கள் முறுக்கும். சனிக்கிழமை மேல்பலகை, ஞாயிறு பின்பலகை. மூடும் முன் உள்ளே வழிந்த பசையைச் சுரண்டி, பிரேஸ் முனைகள் வெட்டுப்பட்டையில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, உள்ளே தேதியையும் அன்றைய ஈரப்பதத்தையும் பென்சிலால் எழுதுங்கள். பல ஆண்டு கழித்து அதைப் பழுது பார்ப்பவர் உங்களை வாழ்த்துவார்.

ஓர விளிம்பில் பைண்டிங் பதிக்கப் பள்ளம் வெட்டுவது ரவுட்டர் வேலை. பள்ளம் வெட்டிய அதே வார இறுதியில் பைண்டிங்கை ஒட்டிவிடுங்கள், வெட்டுப்பட்ட ஓரம் அடிபட்டால் மேல்பலகை சிலாம்பாக உரியும். வேறு சிறப்பாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பசை காயும் நேரத்தில்

பசை காயும் மணிகளில் செய்வதற்கு ஃபிங்கர்போர்டை ஒதுக்கி வையுங்கள். அது தனிப் பலகை. எதற்கும் காத்திருக்காது, எதையும் காக்க வைக்காது.

ஃபிரெட் இடங்களைக் கணக்கிட ஒரே எண் போதும், 17.817. மீதமுள்ள கம்பி நீளத்தை அதனால் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தொலைவு வரும். 645-ஐ வகுத்தால் 36.20. நெக்கின் தலைமுனையில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து முதல் ஃபிரெட் அங்கே. மிச்சம் 608.80, அதை வகுத்தால் 34.17, இரண்டாம் ஃபிரெட் நட்டிலிருந்து 70.37 மி.மீ.யில். இப்படியே போனால் 12-ஆம் ஃபிரெட் சரியாகப் பாதியில், 322.5-இல் விழ வேண்டும். விழவில்லை என்றால் நடுவில் எங்கோ கூட்டல் பிழை. முதலில் காகிதத்தில் எல்லாத் தொலைவுகளையும் நட்டிலிருந்தே கூட்டி எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஸ்கேலை நகர்த்தாமல் ஒரே வைப்பில் குறியுங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

தஞ்சாவூர் வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். மெழுகை இளக்கி, காதால் கேட்டு, மெட்டை நகர்த்திச் சுருதி சேர்க்க இடமுண்டு. கிட்டாரில் 0.6 மி.மீ. அகல ரம்பத்தால் வெட்டிய வெட்டே முடிவு. ரம்பத்தை எடுப்பதற்கு முன் குறிகளை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

பிரிட்ஜ் செதுக்குவதையும் நட் எலும்பைத் தேய்ப்பதையும் இதே காயும் மணிகளில் முடிக்கலாம். நெக் பொருத்தும்போது ஒரே சோதனை: நேரான இரும்பு ஸ்கேலை ஃபிரெட்களின்மேல் நீட்டினால் அதன் முனை பிரிட்ஜின் மேல்முகத்தை உரசிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குக் கீழே மோதினால் நெக்கின் சாய்வு போதாது. பிற்பாடு கம்பி உயர்ந்தே இருக்கும், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

மெருகும் கம்பியும்

வீட்டுப் பட்டறையில் ஸ்ப்ரே லாக்கர் அடிப்பதை நான் ஏற்கவில்லை. புகை நச்சு, தீப்பிடிக்கும், ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளைப் படலம் பூக்கும். அரக்கு போதும். உலகத்துக்கு அரக்கு கொடுக்கும் நாடுகளில் நம் நாடு முதன்மையானது, அதிலும் ஜார்கண்ட் முன்னே நிற்கிறது. மெழுகு நீக்கிய அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் புதிதாகக் கரைத்து, பருத்தித் துணிப் பொட்டலத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றுங்கள். பழைய கரைசல் காயாமல் பிசுபிசுக்கும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வார இறுதிக்காரருக்கு அரக்கு மெருகு தோதானது. ஒரு வாரம் காய்ந்த பூச்சு உள்வாங்கி அடங்கியிருக்கும், சனிக்கிழமை மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை தடவிவிட்டு அடுத்த பூச்சைத் தொடங்கலாம். வியர்வைக்கும் சூட்டுக்கும் அது சற்று இளகும் என்பது குறைதான். கை படும் இடத்தில் பின்னர் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், லாக்கரில் அது அவ்வளவு எளிதல்ல.

மெருகு முடிந்தபின் பிரிட்ஜ். சேடிலின் இடம் 645-இல் இல்லை. கம்பியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறும், அதை ஈடுகட்ட மெல்லிய கம்பிப் பக்கம் 2.5 மி.மீ. அளவும் தடித்த கம்பிப் பக்கம் 5 மி.மீ. அளவும் பின்னே தள்ளிச் சாய்வாக வைக்க வேண்டும். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் அரக்கை முழுக்கச் சுரண்டி, மரத்தோடு மரம் ஒட்டுங்கள். ஞாயிறு காலை ஒட்டி, கிளாம்ப்போடு விட்டுப் போங்கள்.

கம்பி ஏற்றுவது சனிக்கிழமை காலை. 12–53 அளவுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்குமேல் இழுக்கும். இந்த இழுப்பு முதல்முறையாக வரும் மணிகளில் நீங்கள் அருகில் இருக்க வேண்டும். முதலில் ஒரு சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்து, மதியம்வரை விட்டு, பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் உடனே கம்பியைத் தளர்த்துங்கள், பிரிட்ஜ் கிளம்புகிறது. நுழையவில்லை என்றால் முழுச் சுருதிக்கு ஏற்றுங்கள்.

ஞாயிறு மாலை 12-ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். தடித்த கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ. என்பது வசதியான உயரம். இப்போது அதைவிட அரை மி.மீ. கூடுதலாக இருந்தாலும் சேடிலைத் தொடாதீர்கள். கம்பியைத் தளர்த்தாமல், முழுச் சுருதியிலேயே கிட்டாரை ஐந்து நாளும் பெட்டிக்கு வெளியே விட்டுவையுங்கள். மேல்பலகை இழுப்புக்குப் பழகிப் பிரிட்ஜின் பின்னே சற்றுப் புடைக்கும், நெக் கொஞ்சம் முன்னே வளையும். அடுத்த சனிக்கிழமை மறுபடி அளந்து, முதலில் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கிவிட்டு, அதன் பிறகே சேடிலின் அடியைத் தேயுங்கள். 12-ஆம் ஃபிரெட்டில் 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும்.